பழுப்பு என்றால் பிரிவு

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனித குலம் வெகுகாலம் சும்மாதான் இருந்தது. அதன் பிறகு 'நிறப்பொருள் ஆய்வு நடுவம்' திறக்கப்பட்டது.

அது ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில் இயங்கியது. யாரோ குடித்துவிட்டுக் கடலில் வீசிய பாட்டில் பாறையில் மோதி உடையும். அலையிலும் மணலிலும் வருஷக்கணக்காக உரசி, முனை மழுங்கி, பளபளப்பு மங்கி, கரையில் வந்து மிட்டாய் போலக் கிடக்கும். அதுதான் கடல்கண்ணாடி. நடுவம் அதைக் 'கல்' என்றே அழைத்து விற்றது. கண்ணாடித் துண்டு என்பது கௌரவக் குறைவு. பாமரர்கள் அதைப் பொறுக்கி ஜன்னலில் வைத்து, அதற்கு ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அவலத்தைப் போக்கவே நடுவம் அவதரித்தது.

தலைவர் முன்பு குளியலறை ஓடு விற்றவர். நிறங்களில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர். ஒரே வெளிர்நீல ஓட்டை மாமியாரிடம் 'சுத்தம்' என்றும் மருமகளிடம் 'சுதந்திரம்' என்றும் சொல்லி, ஒரே வீட்டில் இரண்டு குளியலறைக்கும் தள்ளிவிட்டவர்.

நிறங்களுக்குப் பொருள் எழுதும் திருப்பணி 'பொருளாக்க அலுவலர்' ஒருத்தியிடம் இருந்தது. வீட்டில் அவள் பெரியவள். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள். கொளுத்தும் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடப் பனி கொட்டும் ரயில் நிலையத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்வாள்.

அவள் பொருள் கண்ட விதத்தை ஆய்வுலகம் அறிய வேண்டும். நீலம் என்றால் மன அமைதி. ஓயாமல் கடகடத்த மின்விசிறி அன்றுதான் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. வெள்ளை என்றால் கள்ளமில்லா உள்ளம். வெள்ளைதான் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. பச்சை என்றால் 'என்றும் உன்னோடு'. காதலர்களுக்கும் ஏதாவது விற்க வேண்டுமே. பழுப்புக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம். பெரியவள் ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். பழுப்புக் கோட்டு போட்ட ஒருவன் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தான். திரும்பியே பார்க்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பழுப்பு: மீளாப் பிரிவு' என்று எழுதிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

இந்தப் பொருள்களெல்லாம் ஒரு கையேடாக அச்சானபோது, அட்டையில் தலைவர் தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'ஆயிரமாண்டு மரபு'.

கையேடு ஊரெங்கும் பரவி, கடைசியில் பெரியவளின் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. அவள் தங்கை சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். அவர் வெயிலில் குனிந்து வெகுநேரம் தேடி, ஒரு கல்லை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார்.

கல் பழுப்பு.

சின்னவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?" என்று பெரியவள் கதவைத் தட்டினாள்.

"கல்யாணம் இல்லக்கா. நேர்ல சொல்ல தைரியமில்லாம கல்லுல சொல்லிட்டார்." கையேடு மட்டும் கதவிடுக்கில் வெளியே வந்தது. "நீயே பாரு. மீளாப் பிரிவு."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, அதை எழுதினதே நான்தான்டி!"

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

"சத்தியமா நான்தான். மத்தியானம் சாப்பிட்ட கையோட எழுதினேன்."

"நீ எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேனா? சர்க்கரைன்னு நெனச்சு டீயில உப்பைப் போடுறவ நீ. இது ஆயிரம் வருஷ மரபு. அட்டையிலயே போட்டிருக்கு."

"அந்த ஆபீஸ்லதானேடி நான் வேலை பாக்கறேன்!"

"நீ அங்க டைப் அடிக்கறேன்னுல்ல நெனச்சேன்."

"சரி, அவருக்கே போன் பண்ணிக் கேளு."

"மீளாப் பிரிவுல எப்படிக்கா போன் பண்றது?"

ஆக, சொந்தத் தங்கையின் கல்யாணம், தான் டப்பா கழுவப் போகும் அவசரத்தில் எழுதிய இரண்டு சொல்லில் தொங்குகிறது என்பது பெரியவளுக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் தலைவரின் அறைக்குப் போனாள்.

"பழுப்போட பொருளை மாத்தணும் சார்."

"ஆயிரம் வருஷ மரபைத் திடீர்னு மாத்த முடியுமாம்மா?"

"போன மாசம்தானே சார் எழுதினோம்."

"எழுதறது வேற, மாத்தறது வேற. எழுத ஒரு ஆள் போதும். மாத்தணும்னா குழு போடணும், துணைக்குழு போடணும், எல்லாருக்கும் டீ சொல்லணும்."

"என் தங்கச்சி கல்யாணமே நின்னுடும் போலிருக்கு சார்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா, நம்ம கையேட்டுக்கு எவ்வளவு சக்தி!"

அந்நேரம் பார்த்துச் சின்னவளே படியேறி வந்தாள். கல்லை மேசைமேல் வைத்தாள்.

"இது அசலா போலியான்னு பாத்துச் சொல்லுங்க. கல்லு போலின்னா பிரிவும் போலிதானே?"

அவளுக்குள் ஒரு நூலளவு ஆசை இன்னும் மிச்சமிருந்தது. தலைவர் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவத்தின் நற்பெயர் அவர் விரல்நுனியில் இருந்தது.

"சுத்த அசல்," என்றார். சின்னவளின் முகம் தொங்கிப்போனது.

அடுத்து, மூச்சு வாங்க வந்து நின்றவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"அவளும் இருக்கறது நல்லதாப் போச்சு," என்று தலைவரைப் பார்த்துச் சீறினார். "உங்க புத்தகத்தைப் பாத்துத்தான் சார் கல்லு கொடுத்தேன். 'என்றும் உன்னோடு'ன்னு போட்டிருக்கு. அன்னையிலேர்ந்து போனை எடுக்க மாட்டேங்கறா. உங்க பச்சை வேலை செய்யல சார்!"

"பச்சையா?" என்றார்கள் மூவரும்.

"இதோ, இதான்." மேசைமேல் இருந்த பழுப்புக் கல்லை விரலால் தட்டினார்.

கீழே சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது.

சின்னவள் மெதுவாகத் தன் பழுப்புக் கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன நிறம்?"

"அதுவும் பச்சைதான். கொஞ்சம் கரும்பச்சை. ஏன்?"

"அப்போ, 'இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு'ன்னு அன்னிக்குச் சொன்னது கிண்டல் இல்லையா?"

அவர் காதுமடல் சிவந்தது. "சின்ன வயசுலேர்ந்தே எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான். கண்ணாடிக்காரனுக்கே கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா கடைப்பக்கம் எவன் வருவான்? அதான் உன்கிட்டகூடச் சொல்லல. கரையில பச்சை நெறைய கெடந்துது. நான்தான் ஒவ்வொண்ணா ஒதுக்கிட்டு, நல்ல பச்சையாப் பாத்து எடுத்தேன்."

சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். கல்லை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "வாங்க போலாம். ரோட்டுல சிக்னல் வந்தா மட்டும் என் கையைப் புடிச்சுக்குங்க."

தலைவர் துள்ளி எழுந்தார். "பாத்தியாம்மா! பச்சைன்னு நெனச்சுக் கொடுத்தார், சேந்துட்டாங்க. பழுப்பையே பச்சையா மாத்திடுச்சு பாரு, அதான் மரபு! புதுப் பதிப்புல பச்சையைப் பத்தி நல்லா எழுது. இந்தத் தடவை ஆதாரத்தோட. ஜனங்க தலைமுறை தலைமுறையா பச்சைக்கு என்ன சொல்றாங்களோ, அதை அப்படியே போடு."

பெரியவள் ஒரு தாளை இழுத்து, யோசிக்காமல் எழுதினாள். மடித்து மேசைமேல் வைத்தாள். நாவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் படியிறங்கினாள். திரும்பியே பார்க்கவில்லை.

தலைவர் தாளைப் பிரித்துக் கம்பீரமாக வாய்விட்டுப் படித்தார்:

'பச்சை: பொய். ஆதாரம்: பச்சைப் பொய் என்று நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அச்சகத்துக்குக் குறிப்பு: அட்டையில் இருக்கும் "ஆயிரமாண்டு மரபு" என்ற வரியை இனி இந்த நிறத்திலேயே அச்சடிக்கவும்.'