பொட்டலூர்க்காரன் போட்ட பதினேழு கோல்

ஏழு ஏரிகளும் வற்றிப்போன பிறகு, நெடுங்குன்ற நாட்டுக்குப் பெருமை சொல்லிக்கொள்ள மிஞ்சியது ஹாக்கி ஒன்றுதான். அதனால் மன்னர் மகுடவர்மர் ஆண்டுதோறும் சிறந்த புதுமுக வீரருக்கு ஒரு விருது வழங்கி வந்தார். விருது பெறுபவருக்கு ஒரு வெள்ளி மட்டை. அவர் பிறந்த ஊருக்கு ஒரு குடிநீர்க் குழாய். வெள்ளி மட்டைக்காக யாரும் ஆடியதாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டு புதிதாகக் களமிறங்கியவர்கள் இருவர். ஒருவன் பொட்டலூர்க் கொம்மையா. வயது இருபது. அவனுடைய அக்கா பேச்சி, நாள்தோறும் நாலு மைல் நடந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவருபவள். கொம்மையா அந்தப் பருவத்தில் பதினேழு கோல் போட்டிருந்தான். மற்றவர் ராணியின் தம்பி வச்சிரசேனர். அவர் ஒரே ஒரு ஆட்டத்தில் ஆறு நிமிடம் களத்தில் நின்றார். பந்து ஒருமுறை அவர் பக்கம் வந்தது, ஒதுங்கி வழிவிட்டார். அது பெருந்தன்மை என்று அரசவைப் புலவர் பாடினார்.

விருது யாருக்கு என்பதில் மக்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆட்டத்துறை அமைச்சர் திருமேனிராயருக்கு இருந்தது.

“எண்ணிப் பார்த்து முடிவு செய்வது கணக்கப்பிள்ளைகளின் வேலை. நாகரிகமுள்ள நாடு விவாதித்து முடிவு செய்யும்” என்றார் அவர்.

விவாதிக்க நாற்பது அறிஞர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஹாக்கி மட்டையைத் தொட்டவர் எவரும் அவர்களில் இல்லை. தொட்டவர்களுக்குச் சொந்தக் கருத்து இருக்கும் என்பது அமைச்சரின் அச்சம். நாட்டின் ஒரே ஹாக்கி மைதானத்தில் குழி தோண்டிப் பந்தல் போட்டார்கள். வெயிலில் அறிஞர்கள் வாடிவிடக் கூடாது என்று, பொட்டலூருக்கு வாரம் ஒருமுறை போய்வந்த தண்ணீர் வண்டியைத் திருப்பிப் பந்தலைச் சுற்றித் தெளிக்கச் சொன்னார்கள். பேச்சி அன்றுமுதல் நாளுக்கு இரண்டு நடை நடந்தாள்.

இருபத்தோராம் நாள் கொம்மையாவை விசாரணைக்கு அழைத்தார்கள். அக்காவும் உடன் வந்தாள்.

“பதினேழு கோல் போட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டார் திருமேனிராயர்.

“ஆமாங்கய்யா.”

“பிறர் தூண்டுதல் ஏதுமின்றி?”

“ஆடத்தானய்யா கூப்புட்டாக.”

அமைச்சர் அறிஞர்கள் பக்கம் திரும்பினார். “கவனியுங்கள். ஒரு கோல் என்பது ஓராண்டு அனுபவத்துக்குச் சமம் என்று இந்த அவை நேற்று தீர்மானித்திருக்கிறது. ஆகவே இவருக்குப் பதினேழு ஆண்டு அனுபவம். இவரைப் புதுமுகம் என்றால் உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?”

அறிஞர்கள் நெடுநேரம் தலையசைத்தார்கள்.

பேச்சி முன்னால் வந்தாள். “ஐயா, இவன் போன ஆவணியிலதான் மொத மொதல்ல டவுன் மைதானத்தையே மிதிச்சான். அதுக்குள்ள பதினேழு வருசம் எங்கேருந்து வந்துச்சு?”

“அம்மா, உன் தம்பியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. உயர்த்தியிருக்கிறோம்” என்றார் அமைச்சர்.

உயர்வு அத்துடன் நிற்கவில்லை. பதினைந்து ஆண்டு ஆடியவர்கள் ஓய்வுபெற வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. அந்த இடத்திலேயே கொம்மையாவுக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். மூத்த வீரரை ஈன்ற ஊர் வளர்ந்த ஊர்தான் என்று மறுநாள் ஓர் ஆணை வந்தது. வளர்ந்த ஊருக்குத் தண்ணீர் வண்டி எதற்கு? அது நிரந்தரமாக நின்றது.

ஓய்வுபெற்ற வீரர் இப்போது அக்காவோடு குடம் சுமந்தார். ஒருநாள் பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“கோல் போட்டிருக்கக் கூடாதுன்னு நெனைக்கியா?” என்று கேட்டாள் பேச்சி.

கொம்மையா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மட்டை பிடித்துக் காய்த்த தோல் இன்னும் உரியவில்லை. “பந்து முன்னால வந்துச்சுக்கா. எதுக்க கோலும் தெறந்து கெடந்துச்சு. வேற என்ன செய்யச் சொல்லுத?”

பேச்சி அவன் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஊர்களில் முணுமுணுப்பு எழுந்தது. மக்கள் வாக்களித்தே முடிவு செய்யட்டும் என்று மன்னர் பெருமனத்தோடு அறிவித்தார். திருமேனிராயர் ஒரு திருத்தம் மட்டும் சேர்த்தார்: ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள், நடுநிலை தவறியவர்கள். பார்க்காதவர்களே வாக்களிக்கலாம்.

ஆட்டத்தை நாடே பார்த்திருந்தது. பார்க்காதவர்கள் நாற்பது அறிஞர்களும், அமைச்சரும், ஆட்டத்தின்போது உறங்கிவிட்ட மன்னரும்தான். நாற்பத்திரண்டு வாக்குகளும் வச்சிரசேனருக்கு விழுந்தன. அவர் பிறந்த ஊர் அரண்மனையே என்று பதிவு செய்ததால், அங்கே குளியலறையில் ஏழாவது குழாயைப் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு மன்னர் அரியணையில் தொடர்வதா என்று மக்களைக் கேட்கும் முறை வந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அந்தச் சடங்கில் ‘தொடர்க’ என்று ஒரு பெட்டியும் ‘போதும்’ என்று ஒரு பெட்டியும் வைப்பார்கள். மக்களின் முகங்கள் மன்னருக்குப் பிடிக்கவில்லை.

“கவலை வேண்டாம் அரசே. கைவசம் நல்ல சட்டம் இருக்கிறது. ஆட்சியைக் கண்டவர்கள் நடுநிலையானவர்கள் அல்லர். காணாதவர்களே வாக்களிக்கட்டும்” என்றார் திருமேனிராயர். குடிமக்கள் அனைவரும் ஆட்சியில்தானே இருக்கிறார்கள். ஒருவரும் தேற மாட்டார்கள். அவையினருக்கு மட்டும் என்ன சொல்ல வேண்டும் என்று காதோடு சொல்லிவைத்தார்.

வாக்கு நாளில் மன்னரே வந்து அமர்ந்தார். முதலில் அறிஞர்கள். “மன்னரின் ஆட்சியைக் கண்டதுண்டா?” என்று அலுவலர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் முதல் அறிஞர் வந்திருந்தார். மன்னர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிஞர் கைகூப்பினார்.

“நாள்தோறும் கண்டு களிக்கிறேன்” என்றார். அவருடைய வாக்குரிமை போயிற்று. அவருக்குப் பின்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும் களித்தார்கள். கடைசியாக வந்த அமைச்சர் எல்லோரையும்விட அதிகமாகக் களித்தார்.

நகரத்து மக்களிடம் வரி கட்டிய ரசீது இருந்தது; அதுவே சாட்சி என்று அவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் பொட்டலூர்க்காரர்கள் நானூறு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் பேச்சி, அவள் பின்னால் கொம்மையா.

“மன்னரின் ஆட்சியைக் கண்டதுண்டா?”

“எங்கூருக்கு அது வந்ததே இல்லீங்களே” என்றாள் பேச்சி.

அலுவலர் பதிவேடுகளைப் புரட்டினார். பொட்டலூரில் பள்ளி, பாதை, மருந்துக்கடை, குழாய் எதற்கும் ஒரு பதிவுகூட இல்லை; தண்ணீர் வண்டிக்கு இருந்த பதிவையும் அது நின்ற நாளிலேயே அடித்துவிட்டிருந்தார்கள். வரி வசூலிக்கப் போனவரும் வழி தெரியாமல் திரும்பியிருந்தார். அலுவலர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் சட்டப் புத்தகத்தை வாங்கி, தான் எழுதிய பக்கத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு மூடிவைத்தார்.

வாக்குச் சீட்டு பேச்சியின் கைக்கு வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது.

“இதுல ‘போதும்’ங்கிற பொட்டி எதுங்கய்யா?”

அலுவலர் மன்னரைப் பார்க்காமல் கையை நீட்டிக் காட்டினார்.