பக்கத்து வீட்டிலும் குறைவு

எங்கள் நெடுந்தீவில் எதைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். தோட்டம் எப்படி என்றால் "ஏதோ கிடக்கு." மகன் வெளிநாட்டில் எப்படி என்றால் "ஏதோ இருக்கிறான்." வருத்தம் ஒன்றுதான் விதிவிலக்கு. ஒருவர் தனக்கு முழங்கால் நோகிறது என்று தொடங்கினால், மற்றவர் தனக்கு முழங்காலோடு இடுப்பும் சேர்த்து நோகிறது என்பார். மாட்டுக் கணக்கை மட்டும் கேட்கவே கூடாது. வாய்விட்டு எண்ணிச் சொன்னால் நாவூறு பட்டு அடுத்த கிழமையே ஒன்று குறைந்துவிடுமாம். (நான் இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு மாடுகளின் எண்ணிக்கையை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப்போவதில்லை.)

இதெல்லாம் தெரிந்திருந்தும், வீடு வீடாகப் போய் மாட்டுக் கணக்குக் கேட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். யாழ்ப்பாண ரவுனில் ஆங்கிலம் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம் அது. மழை பொய்த்த வருஷம். எங்கள் பக்கத்துக் குளம் வெடித்துக் கிடந்தது. மாடுகள் அடியிலிருந்த சேற்றை நக்கிக்கொண்டு நின்றன. மாடு அதிகமுள்ள இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், சூரிய ஒளியில் ஓடும் பம்பும் கட்டித்தர வந்திருந்தாள் அவள். ஒரேயொரு தொட்டி. அது எங்கள் வீடிருக்கும் சின்னத் தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்குத்தான் வரவேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவள் ஒரேயொரு நிபந்தனை போட்டாள். எதற்காகக் கேட்கிறோம் என்று யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் எல்லாரும் கூட்டிச் சொல்லிவிடுவார்களாம். எங்கள் ஊரைப் பற்றி அப்படியொரு பயம் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் வந்ததில்லை. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

எண்ணிக்கையை நேராகக் கேட்டால் மக்கள் கூச்சப்படுவார்கள், அதனால் பக்கத்து வீட்டைவிடக் கூடவா குறைவா என்று மட்டும் கேட்போம் என்றாள். அதற்காக முதல் நாள் முழுவதும் 'மோர் தன்', 'ஹாஃப் அஸ் மெனி அஸ்', 'ட்வைஸ் அஸ் மெனி அஸ்' என்று கிணற்றடியில் நின்று மனப்பாடம் செய்தேன். எண்ணக்கூடிய மாட்டுக்கு 'ஃபியூவர்', எண்ண ஏலாத தண்ணீருக்கு 'லெஸ்' என்று பிரித்தும் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்ணே வாய்கூசாமல் 'லெஸ் கவ்ஸ்' என்றாள். ஒரு நாள் உழைப்பு அதோடு போயிற்று.

முதல் வீட்டில் கேட்டேன்.

"அவையளிட்டை நிக்கிறதைப் பாக்கேக்கை எங்களிட்டை என்ன கிடக்கு, தம்பி?"

இது பதிலா கேள்வியா என்று அவள் என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்துக்கு ஏதாவது ஒரு பக்கம் சாயவேண்டும். 'ஃபியூவர் தன்' என்று சாய்த்தேன். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே. மத்தியானத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைவிடக் குறைந்துவிட்டது. கடைசி வீட்டுக்கு அப்பால் கடல். இவராவது தப்ப முடியாது என்று ஆறுதல்பட்டேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கடை ஐயா காலத்திலும் குறைவு" என்றார். (எங்கள் ஊர்ப் பேச்சில் 'காலத்திலும் குறைவு' என்றால் 'காலத்தைவிடக் குறைவு'.)

மிச்சம் இருந்தது எங்கள் வீடு. அப்பா வாசற்படலையடியில் கதிரை போட்டு இருந்தார். அவருடைய மாடுகள் பகலில் வெளியில் மேயப் போய்விடும், வளவில் ஒன்றுமில்லை.

"கந்தவனம் வீட்டிலும் குறைவு" என்றார், நான் கேட்குமுன்பே.

"அப்பா, உள்ளதைச் சொல்லுங்கோ."

"ஒழுங்கை முழுக்கக் கேக்க மாடு எண்ணச் சொல்லுறியோ? படிச்சனீதானே?"

வேறு வழியில்லாமல் நானே பொய் சொல்லத் துணிந்தேன். (உண்மையில் அது பொய்யில்லை, அதுதான் உண்மை.) "ட்வைஸ் அஸ் மெனி" என்று அவளிடம் சொன்னேன். அப்பா என்ன சொன்னார் என்று அவள் கேட்க முன், கல்மதிலுக்கு அந்தப்பக்கம் கந்தவனம் மாமாவின் தலை எழும்பியது.

"எங்களிட்டைக் கூட எண்டு ஆர் சொன்னது? உங்களிட்டை நிக்கிறதிலை அரைவாசிகூட எங்களிட்டை இல்லை, அண்ணை."

"உன்ரை அரைவாசியிலை அரைவாசிதான் எங்களிட்டை" என்றார் அப்பா.

"அப்ப எங்களிட்டை அதிலும் அரைவாசி."

ஏலத்தில் விலை ஏறும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் 'ஹாஃப்', 'குவார்ட்டர்' என்று மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒரு மாட்டின் வால்தான் மிஞ்சியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து, மேய்ச்சலில் தண்ணீர் கிடைக்காத மாடுகள் எல்லாம் வழமையைவிட முந்தியே புழுதி கிளப்பிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தன. இவ்வளவும் யாருடையவை என்று அவள் கேட்டாள். ஒழுங்கை முழுவதும் வானத்தைப் பார்த்தது. எங்கள் சிவலைப் பசு நேரே படலைக்குள் நுழைந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்தது.

"வழிதவறி வந்திட்டுது போலை" என்றார் அப்பா. கை மட்டும் தன் பாட்டில் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் கேட்டுத் திரிந்த இடமெல்லாம் சேர்த்து ஒரேயொருவர்தான் 'கூட' என்று சொன்னார். மாற்றலாகி வந்து தீவின் அடுத்த பக்கத்தில் குடியிருந்த ஓர் ஆசிரியர். பக்கத்து வீட்டைவிடத் தன்னிடம் ஓர் ஆடு கூட என்றார். பாவம், அவருக்கு எங்கள் ஊர் பழக்கமில்லை. தொட்டியை அவர் வீட்டடியில் கட்டினார்கள். மறு தவணையில் அவர் மாற்றலாகி ஆடுகளோடு படகேறினார்.

எல்லாம் முடிந்தபிறகு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கூட்டிச் சொல்லிப் போடுவியள் எண்டு அவ பயந்தவ."

"ஆர், நாங்களோ?"

அந்தக் கோடை முழுவதும் அப்பா மாடுகளைத் தீவின் மறுகரையிலிருந்த அந்தத் தொட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டினார். ஆவணி வெயிலில் சிவலை பாதிவழியில் படுத்தது. எழும்பவில்லை. அதற்குப் பின்னால் வேறும் சில. துக்கம் கேட்க வந்த கந்தவனம் மாமா தனக்கும் போனதாகச் சொன்னார். "எங்களுக்குத்தான் கூடப் போனது" என்றார் அப்பா. எங்கள் வீட்டு மாடுகளைப் பற்றி அவர் வாயிலிருந்து 'கூட' என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அதுதான் பகிடி. சோறு எவ்வளவு இருக்கிறது என்றால் "பக்கத்து வீட்டிலும் குறைவு." கனடாவிலிருக்கும் தங்கையின் பிள்ளைகள் பரீட்சைப் புள்ளிகளைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். தங்கை தொலைபேசியில் "மாடு எத்தினை நிக்குது, அப்பா?" என்று கேட்கும்போது மட்டும் சிரிக்கமாட்டார். மதிலுக்கு அந்தப்பக்கம் பார்த்துவிட்டு, "கந்தவனம் வீட்டிலும் குறைவு" என்பார்.

இப்போது அது உண்மை.