ஏரிக்கு அன்னதானம்

எங்கள் குடும்பத்தினர் அந்த நாட்களில் ஒரே மனதாக நம்பிய விடயங்கள் மிகச் சில. என் கணவர் குமரன் ஒரு பெரிய மீனுக்காகக் காத்திருக்கிறார் என்பது அவற்றுள் முதன்மையானது. சின்ன மீன்களை அவர் பொருட்படுத்துவதில்லை. காலம் கனியும்போது அந்த மீன் வரும். வந்ததும் மெல்பன் தமிழர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். மற்றவர்கள் இதை நம்பியதோடு நின்றுவிட்டார்கள். நான் ஊர் ஊராகப் பரப்பினேன். (சம்பளமில்லாத வேலைதான். ஆனால் சம்பளம் வாங்கிய எந்த வேலையையும் நான் அவ்வளவு விசுவாசமாகச் செய்ததில்லை.)

நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. குமரன் இங்கிலாந்தில் படித்து, சில காலம் வேலையும் பார்த்தவர். கார்ப் என்னும் பெருங்கெண்டையைப் பிடிக்கும் கலையை அங்கேதான் கற்றார். அது ஓடியாடிச் செய்கிற காரியமன்று. ஏரிக்கரையில் பச்சைநிறக் கூடாரம் அடித்து, தாங்கியில் மூன்று தூண்டில்களைச் சாய்த்துவைத்து, மீன் இழுத்தால் கீச்சிடும் ஒரு சிறு கருவியைப் பொருத்திவிட்டு, நாட்கணக்கில் அமர்ந்திருப்பது. அகப்பட்ட மீனை ஈரப்பாயில் கிடத்தி, காயத்துக்கு மருந்து தடவி, மீண்டும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கைக்குழந்தையை ஏந்துவதுபோல் அவர் ஒரு கெண்டையை ஏந்தி நிற்கும் படம் எங்கள் வரவேற்பறையில் இருந்தது. எங்கள் திருமணப் படத்தைவிட அதில் அவர் முகம் தெளிவாக இருக்கும்.

மெல்பன் புறநகரான கிரெய்கிபர்னில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகு, அரை மணி நேரத் தொலைவில் ஓர் ஏரியைக் கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் அங்கே போவோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்துக் கதிரையில் புத்தகம் வாசிப்பேன். இரையும் என் பொறுப்பு. ரவையும் முட்டையும் மீன்தூளும் சேர்த்துப் பிசைந்து, என் சொந்த ஆராய்ச்சியின் பயனாகக் கொஞ்சம் பெருஞ்சீரகமும் இட்டு, உருண்டை பிடித்து அவித்தெடுப்பேன். குசினியில் அந்த மணம் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை தங்கும். கருவி அவ்வப்போது கீச்சிடும். குமரன் நிதானமாக எழுந்து நூலைச் சுருட்டி, "போட்டுது", அதாவது போய்விட்டது, என்பார். புதிய உருண்டை கட்டி எறிந்துவிட்டு மீண்டும் அமர்வார். நான் பக்கத்தைப் புரட்டுவேன். இப்படியே வருடங்கள் போயின.

இதற்கு நேரெதிரானவர் என் அக்காவின் கணவர். அத்தான் பல் வைத்தியர், மீன்பிடியிலும் அவர் பல் வைத்தியர்தான். ஒரே ஒரு மெல்லிய தூண்டில், தோளில் ஒரு பை, சட்டைப் பையிலிருந்து தொங்கும் சிறு கத்தரிக்கோல். ஓரிடத்தில் பத்து நிமிடம் நிற்கமாட்டார். பாண் ரொட்டியைக் கிள்ளிப் போட்டு ஒரு ரோச், புழுவைக் கோத்து ஒரு ரெட்ஃபின், நாணலோரம் குனிந்திருந்து ஒரு டென்ச் என்று, கரை முழுவதும் சுற்றி எல்லாச் சாதி மீனிலும் ஒன்று பிடித்துவிடுவார். ஒவ்வொன்று முடிந்ததும் தண்ணீரைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்கோ!" என்று கூப்பிடுவார்.

இந்த இருவரையும் ஒப்பிட்டு நான் ஒரு தத்துவமே உண்டாக்கி வைத்திருந்தேன். ஆழமுள்ளவர்கள் அமர்ந்திருப்பார்கள், ஆழமில்லாதவர்கள் ஓடுவார்கள் என்பது அதன் சாரம். நிறைய வாசிக்கிறவர்களுக்கு இந்த நோய் எளிதில் தொற்றும். அத்தானின் முகத்துக்கு நேரேயே இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஓம் வசந்தி, உன்ர மனுசன் முனிவர். நான் மீன் வியாபாரி," என்று போய்விடுவார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அக்காவின் மகள், கூட வேலை செய்யும் ஒரு பையனை விரும்பினாள். பையனின் தாயார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சிட்னி மெரிலேண்ட்ஸில் குடியிருப்பவர். பெண் வீட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று தனியாகப் புறப்பட்டு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஏரிக்கரையில் இயல்பாகப் பேசலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். பிள்ளைகள் இருவரும் வேலையென்று சொல்லித் தப்பிவிட்டார்கள். கார்க் கதவைச் சாத்தும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"வசந்தி, இண்டைக்கு ஒண்டும் பிழைக்கக் கூடாது. பிள்ளை இரண்டு வருசமாய் மனசுக்குள்ள வைச்சிருந்திருக்கிறாள்."

"நான் இருக்கிறனல்லோ," என்றேன். (இந்த வாக்கியத்தை இப்போதும் நடுக்கத்தோடுதான் எழுதுகிறேன்.)

சம்பந்தி அம்மா கலகலப்பானவர். கதிரையில் அமர்ந்ததுமே கேட்டார்: "ஏங்க, உங்க வீட்டுக்காரரு வந்ததுலேந்து அசையவே இல்லையே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

இது போதாதா? எனக்கு மேடை கிடைத்துவிட்டது. காத்திருத்தலின் மேன்மையை எடுத்துரைத்தேன். அவசரப்படுகிறவனுக்குச் சின்னதுதான் கிடைக்கும் என்றேன். கரையோரம் ஓடித்திரிந்த அத்தானைக் கண்ணால் காட்டி, "சில பேருக்கு ஓரிடத்தில நிலை நிக்கத் தெரியாது. அது பிறவிக் குணம்," என்றும் சொன்னேன். பெண்ணின் தகப்பனாரைப் பற்றி மாப்பிள்ளையின் தாயாரிடம் சொன்னேன். அக்கா தேநீர்க் குவளையின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். குமரன், "இஞ்சரும், காணும்," என்று ஒருமுறை என்னை நிறுத்தப் பார்த்தார். அதை அடக்கம் என்று விளக்கினேன்.

அந்த வேளையில் கருவி கீச்சிட்டது. வழக்கம்போல் ஒரு சிணுங்கலோடு நிற்கவில்லை. வீரிட்டது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

"வந்திட்டுது!" என்று எழுந்தேன். குமரனும் எழுந்தார். ஆனால் தூண்டிலை நோக்கியல்ல, என்னை நோக்கி. "வசந்தி, விடும், நான் பார்க்கிறன்," என்றார். அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்கு ஆனந்தமாகக் கேட்டது. அவரை முந்திக்கொண்டு, வாழ்வில் முதல்முறையாகத் தூண்டிலைக் கையில் எடுத்தேன். சம்பந்தி அம்மா கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார். முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் ஈரப் புல்லில் பொத்தென்று அமர்ந்தேன். நூல் காற்றில் சுழன்று வந்து சம்பந்தி அம்மாவின் மடியில் விழுந்தது. ஈயக்குண்டு, ஒரு துண்டு நூல், அதன் நுனியில் பாதி தின்ற என் பெருஞ்சீரக உருண்டை.

அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இதுல முள்ளு எங்க?"

முள் இல்லை. மீனைக் கொளுவுவதற்கு வளைந்திருக்க வேண்டிய அந்தத் தூண்டில் முள் இல்லவே இல்லை.

பொறுமையின் பெருமை பேசியவள் என்ன செய்திருக்க வேண்டும்? யோசித்திருக்க வேண்டும். நானோ, காலையில் அத்தான் எங்கள் தூண்டில்களுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றதை நினைத்தேன். புல்லில் அமர்ந்த நிலையிலேயே, ஏரியின் அடுத்த கரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அத்தான்! இது உங்கட வேலைதானே? அவர் பெரிய மீன் பிடிச்சிடுவார் எண்டு பொறாமையில முள்ளை வெட்டிப்போட்டீங்கள்! இவ்வளவு வருசமும் இதைத்தானே செய்தனீங்கள்?"

அத்தான் ஒரு ரெட்ஃபினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். குமரனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சம்பந்தி அம்மாவையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஓம். நான்தான் வெட்டினனான். சும்மா ஒரு பகிடிக்கு."

அக்காவின் கையிலிருந்த குவளை சரிந்தது. சம்பந்தி அம்மா தொலைபேசியைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிவதைப் பார்த்தேன். உறவுக்காரரின் தூண்டிலை வருடக்கணக்காக வெட்டுகிற ஒரு மனிதரின் வீட்டிலிருந்து பெண் எடுப்பதா என்று அவர் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. அந்த நிலையிலும் ஒரு கணம், நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று மகிழ்ந்தேன். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வெட்கப்படும் வரி இதுதான்.

"அண்ணை, விடுங்கோ," என்றார் குமரன். சம்பந்தி அம்மாவின் மடியிலிருந்து அந்த நூலை எடுத்துக்கொண்டார். "அவர் வெட்டேல்லை. முள் இருந்தால்தானே வெட்டுறதுக்கு. நான் முள்ளே கட்டுறேல்லை."

அவரே தொடர்ந்தார். இங்கிலாந்துபோல் அல்ல, இந்த நாட்டில் கெண்டை ஒரு களை. பிடித்தால் உயிரோடு திரும்ப விடக்கூடாது என்பது சட்டம். வந்த புதிதில், நான் கூடப் போகாத ஒரு நாளில், ஒன்றைப் பிடித்திருக்கிறார். சட்டப்படி அதைக் கொன்றிருக்கிறார். "அண்டைக்குப் பிறகு மனம் வரேல்லை," என்றார்.

"அப்போ இத்தன வருஷமா இங்க வந்து சும்மாவா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார் சம்பந்தி அம்மா.

"ஓம். தண்ணிக்கரையில ஒரு ஆள் சும்மா இருந்தால் போறவாறவன் எல்லாம் என்ன பிரச்சினை எண்டு கேப்பான். பக்கத்தில தூண்டில் இருந்தால் ஒருத்தரும் கேளாயினம்."

சம்பந்தி அம்மா குமரனை உற்றுப் பார்த்தார். பிறகு உடல் குலுங்கச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்கும் இந்த வித்தையக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. அவரு சும்மா உக்காந்தா நானே நாலு வேல சொல்லிருவேன்." சட்டென்று அத்தான் பக்கம் திரும்பினார். "ஆமா, பண்ணாத தப்ப நீங்க ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

அத்தானின் தூண்டில் ஒருமுறை எங்கள் நூலில் சிக்கியபோதே அவருக்கு விடயம் தெரிந்திருக்கிறது. அக்காவிடம்கூட வாய் திறக்காமல், நூலைப் பிரித்து இருந்தபடியே தண்ணீரில் விட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான், முனிவரென்றும் வியாபாரியென்றும் என் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"பல்லுப் பிடுங்கிறவன்தானே நான். ஏச்சு வாங்கிறது எனக்குப் புதுசோ?" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் கை நீட்டி, புல்லிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். "எழும்பு வசந்தி. அவர் மீன் பிடிக்காட்டி என்ன, நீ இத்தனை வருசமாய் ஏரிக்கு அன்னதானம் குடுத்திருக்கிறாய். புண்ணியம்."

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, அவருடைய ரெட்ஃபினை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் குமரனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் எல்லாருக்கும் பெரிய மீன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சீர். எந்த இடத்தில நிப்பாட்டிறது எண்டு எனக்குத் தெரியேல்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "சொன்னால் நீர் வராமல் விட்டிடுவீர் எண்டும் நினைச்சன்," என்றார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து எத்தனையோ புத்தகங்களை முடித்திருக்கிறேன். அந்த நூலின் நுனியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

திருமணம் நடந்தது. விருந்தில் மீன் பரிமாறியபோது, சம்பந்தி அம்மா மண்டபம் கேட்க, "வசந்தி, இதுல முள்ளு இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் மீன் பரிமாறப்படும்போதெல்லாம் யாராவது அதைக் கேட்பார்கள். விசாவுக்கோ, வேலைக்கோ, வீட்டுக் கடனுக்கோ யாராவது நெடுநாள் காத்திருந்தாலும் அதே கேள்விதான்: "முள் கட்டியிருக்கிறியோ?" பகிடியின் மூலம் தெரியாத சின்னப் பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

குமரன் கண்ணை மூடி இது மூன்றாவது கோடை. அத்தானுக்கு முழங்கால் சரியில்லை. கரை சுற்ற முடிவதில்லை. சனிக்கிழமைகளில் அக்கா அவரை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவர் மூன்று தூண்டில்களையும் தாங்கியில் வைக்கிறார். நான் அவித்த உருண்டைகளை, முள்ளில்லாத நூலில், மிகக் கவனமாகக் கட்டுகிறார். ஓரிடத்தில் அமர்ந்திருக்க அவருக்கு இன்னும் பழகவில்லை; அடிக்கடி தண்ணீரைப் பார்த்து மெதுவாக, "அடுத்த ஆள் வாங்கோ," என்கிறார். கருவி கீச்சிட்டால் இருவரும் எழுவதில்லை. புத்தகம் என் மடியில் திறந்திருக்கிறது. நான் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தக் கரையில் அத்தானும் நானும் இருக்கிறோம்.