நீளத்துக்கு அஞ்சிய அரைமுழம் மேஸ்திரி

திருச்சிராப்பள்ளியில் பேய்க்கு அஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்கு அஞ்சியவர்களையும் பார்த்திருக்கிறேன். நீளத்துக்கு அஞ்சிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பாலக்கரைப் பட்டறையின் அரைமுழம் மேஸ்திரி. இத்தனைக்கும் ஆள் பனைமர உயரம். எந்த வீட்டு வாசற்படியிலும் குனியாமல் நுழைந்தவர் இல்லை.

அவருக்கு மில்லிங் மெஷின். பக்கத்து லேத்தில் நான். இரும்பு வார்ப்பில் துளையைக் குடைந்து அகலப்படுத்தும்போது, உளி செருகிய தண்டு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் நடுங்கும். நடுங்கினால் மெஷின் நரிக்கூட்டம் போல ஊளையிடும். துளையின் உட்புறம் மீன் செதிலாக வரி விழுந்துவிடும். அதைப் பட்டறையில் ‘சாட்டர்’ என்போம். தண்டைக் கட்டையாகப் பிடித்தால் ஊளை அடங்கும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மேஸ்திரி மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாழ்க்கை முழுவதற்கும் வைத்துக்கொண்டார்.

“அரைமுழத்துக்கு மேல எது நீட்டினாலும் நடுங்குமுங்க” என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

குடைக் காம்பை அறுத்துக் குட்டையாக்கினார். குடைத்துணி கண்ணை மூட, மழையில் நடந்துபோய் ஜட்கா குதிரையின் மேல் முட்டிக்கொண்டார். குதிரைதான் மிரண்டது, அவர் மிரளவில்லை. வீட்டில் கரண்டிக் காம்புகளையும் விட்டுவைக்கவில்லை. “இவங்க வாய்க்கு ருசியா குழம்பு வேணும்னா என் கை வேகணும்” என்று அவர் சம்சாரம் என் மனைவியிடம் அழுதாள். ஒருநாள் என் நெற்றியையே உற்றுப் பார்த்தவர், “நாமக்காரரே, உங்க நாமம்கூட கொஞ்சம் நீளந்தாங்க” என்றார். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. கப்பலில் சாமான் எதுவும் வராது. உப்பிலியபுரத்திலிருந்து பெரியண்ணன் என்ற விவசாயி ஒருவர் வந்தார். கிணற்றில் இறைக்கிற பம்பின் கூடு வெடித்துவிட்டது. மிளகாய்ச் செடி காய்கிறது. எங்கள் முதலாளி ராவுத்தர் அதைப் போலவே இரண்டு கூடு வார்க்கச் சொன்னார். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. உள்ளே துளை மட்டும் குடைய வேண்டும்.

அங்கேதான் வம்பு வந்தது. அந்தத் துளை ஆழம். அரைமுழத் தண்டு பாதி வழியிலேயே நின்றது.

“நீளமா ஒரு தண்டு போடுங்களேன்” என்றேன்.

“வாயில வராதுங்க அந்த வார்த்தை” என்றார். தம் கொள்கைக்குப் பங்கம் வராமல் ஒரு பக்கம் பாதி குடைந்து, வார்ப்பைத் திருப்பிவைத்து மறுபக்கம் பாதி குடைந்தார். ஊளை இல்லை, வரி இல்லை, கண்ணாடி போல இருந்தது. ஆனால் இரண்டு பாதியும் நடுவில் சந்திக்கவில்லை. மயிரிழை விலகி, உள்ளே ஒரு படி மாதிரி நின்றது. கூடு வீண்.

பெரியண்ணன் பட்டறை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். வாய்விட்டுக் கேட்டிருந்தாலாவது தேவலை.

ராவுத்தர் உள்ளே வந்தார். “மேஸ்திரி, இன்னொண்ணுதான் பாக்கி இருக்கு. அதுவும் போச்சுன்னா மறுபடி வார்க்க இரும்பு இல்லை. அந்த மனுசன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? அல்லாவுக்காக, நெடுந்தண்டு போடுங்க.”

மேஸ்திரி நெடுந்தண்டைப் பூட்டினார். உபயோகமில்லாத ஒரு வார்ப்பை வைத்துச் சோதித்தார். மெஷின் அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். வேகத்தைக் குறைத்தார். உளியைத் தீட்டினார், முனையைச் சின்னதாக்கினார். மேசை அசையாமல் எல்லாப் பூட்டையும் இறுக்கினார். ஊளை குறைந்ததே தவிர அடங்கவில்லை. “பாத்தீங்களா? நான் சொன்னேனே” என்றார். சொன்னது பலித்த சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை. அன்று அவர் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பெருமாள் புறப்பாடு. மனுஷர் இப்படி இடிந்து கிடக்கிறாரே, பெருமாள் திருமுகத்தையாவது சேவிக்கட்டும் என்று முதல் நாளே சொல்லி வரவழைத்திருந்தேன். பெருமாள் பல்லக்கில் எழுந்தருளினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மேஸ்திரி கை கூப்பினார். ஆனால் கண் பெருமாள் மேல் இல்லை.

“மேலே சேவிங்க மேஸ்திரி!”

“நாமக்காரரே, அந்த மூங்கிலப் பாருங்க. எம்மாம் நீளம்! ஆடலையே!”

“எப்படி ஆடும்? முன்னாலயும் பின்னாலயும் தோள் குடுத்திருக்காங்களே.”

சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் காணோம். தீர்த்தம்கூட வாங்கவில்லை.

நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பெரிய ரகளை. வாட்ச்மேன் கத்திக்கொண்டிருந்தார். “ஏன்யா, எம் பானைய ஏன் இறக்குற?” விஷயம் இதுதான். தண்டின் மறுமுனையைத் தாங்குவதற்கென்றே அந்த மெஷினோடு ஒரு கனத்த பிராக்கெட் வந்திருந்தது. ‘மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது’ என்று மேஸ்திரிதான் அதைக் கழற்றிக் கடாசினவர். அத்தனை வருஷமாக அது வாட்ச்மேனின் தண்ணீர்ப் பானையைத் தாங்கிக்கொண்டு கிடந்தது.

தேய்த்துக் கழுவி, எண்ணெய் போட்டு மாட்டினார்கள். மேஸ்திரி, துளைக்குள் நுழைகிற அளவுக்குப் பருமனான தண்டு ஒன்றைத் தேடியெடுத்து, வார்ப்புக்குள் நுழைத்து, இந்த முனையை மெஷினிலும் அந்த முனையை பிராக்கெட்டிலும் கொடுத்தார். நடுவில் உளி. வார்ப்பின் அடியில் புளியங்கட்டை ஆப்பு வைத்து இறுக்கினார். நான் மனசுக்குள் ரங்கா ரங்கா என்றேன். ராவுத்தர் உதடும் அசைந்தது. மெஷின் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் பெரியண்ணன் பதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். “ஏனுங்க, மிசின் நின்னுபோச்சுங்களா? சத்தமே காணோம்!”

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரும்புத்தூள் மாவு போல உதிர்ந்துகொண்டிருந்தது. அரைமுழம் மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவ்வளவு உயரமான மனிதர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டைத் தோளில் ஏற்றிக்கொண்ட பெரியண்ணன் புறப்படாமல் நின்றார். “தண்ணி விழுந்த அன்னிக்கே எங்க ஊர்க் கோயில்ல இவர் பேருக்கு அர்ச்சனை பண்றேனுங்க. பேரு என்னங்க?”

மேஸ்திரி “பேரெல்லாம் எதுக்குங்க, தண்ணி விழட்டும்” என்று கை கழுவப் போய்விட்டார். பெரியண்ணன் என்னைப் பார்த்தார். நான் ராவுத்தரைப் பார்த்தேன். ராவுத்தர் வாட்ச்மேனைப் பார்த்தார். இத்தனை வருஷம் கூட இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை! சாப்பாடு கொண்டுவந்த அவர் சம்சாரத்தைக் கேட்டோம். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “நல்லா கேட்டீங்க! அவங்க பேர நான் எப்படிங்க சொல்லுவேன்?” என்று திரும்பி நின்றுகொண்டாள்.

சில மாதம் கழித்து ஒரு மூட்டை மிளகாயோடும் குங்குமப் பொட்டலத்தோடும் பெரியண்ணன் வந்தார். “அரைமுழம் மேஸ்திரின்னுதானுங்க சொன்னேன். பூசாரி சிரிக்காம அப்படியே சொல்லி அர்ச்சனை பண்ணிட்டாருங்க” என்றார்.

மேஸ்திரி இப்போது இல்லை. அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்நிதியில் நிற்கும்போது என் குடும்பத்தார் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், “அந்த உசரமான மனுஷர், பெருமாளே” என்கிறேன். அவனுக்கு ஆள் தெரியும்.