சுந்தரேசன் சார் நெஞ்சில் ஒரு ஃபேன்

மானிட்டரின் பின்மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து குங்குமம் கொட்டியது.

சந்திரன் அவசரமாகப் பழைய பேப்பரை இழுத்து விரித்தான். அதற்குள் ரஞ்சிதம் காலையில் துடைத்து வைத்த தரை சிவந்துவிட்டது.

“இன்னாய்யா இது, கம்ப்யூட்டரா, அம்மன் கோயிலா?”

“ஒம்போது ஆயுத பூஜை குங்குமம்டி. ஆபீஸ்ல எல்லாரும் ஒரு பொட்டு வெச்சிட்டு பொரியைத் தின்னப் போயிடுவாங்க. சுந்தரேசன் சார் மட்டும் நாலு மூலைக்கும் வெச்சி, சந்தனம் பூசி, கற்பூரம் காட்டுவாரு.”

“அவரு பக்தி சரி. அதை நம்ம ஆஸ்டின் டவுன் வீட்டுல ஏன் கொட்டறே?”

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

சந்திரன் வேலை பார்ப்பது பெங்களூர் பிரேசர் டவுன் பக்கம் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில். அங்குள்ள அத்தனை கம்ப்யூட்டருக்கும் வைத்தியன் அவன்தான். சுந்தரேசன் சார் ஆர்டர் பிரிவின் தலைவர். வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். மிச்சமிருந்த லீவைத் தீர்க்கக் கடைசி வாரம் முழுவதும் வீட்டில் இருக்கிறார். விடைபெறும் அன்று வழக்கம்போல் ஒரு சால்வை, ஒரு மைசூர் பேட்டாத் தலைப்பாகை, ஒரு பழக்கூடை. பழம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தலைப்பாகை பரணுக்குப் போய்விடும். அவ்வளவுதானா சாருக்கு என்று சந்திரனுக்கு மனசு கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு வருஷத்து ஆர்டர் ஃபைல்களைக் கூண்டோடு அழித்த புண்ணியவான் சந்திரன். அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டியவன். “நான்தான் அழிக்கச் சொன்னேன்” என்று பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, எட்டு நாள் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்து அத்தனையையும் மறுபடி அடித்துக் கொடுத்தவர் சுந்தரேசன் சார். இதுவரை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பெரிய மனசு என்று சும்மாவா சொல்கிறார்கள்.

அந்த மனுஷருக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருள்மேல்தான் பிரியம் என்பது ஆபீசில் ஊரறிந்த சேதி. அது இந்த மானிட்டர். எல்லோர் மேஜைக்கும் அகலத் திரை வந்தும் அவர் மேஜையில் மட்டும் இந்தப் பழைய சதுரப் பெட்டி. காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு அதன் முன் கைகூப்புவார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்துவார். பிறகு விலாவில் இரண்டு தட்டு. வெளிச்சம் வரும்வரை இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கே கண் கலங்கும்.

மூன்று தடவை அதன் பேர் கழிவுப் பட்டியலில் ஏறியது. மூன்று தடவையும் சந்திரன் விடவில்லை. வீட்டுக்குத் தூக்கிவந்து, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடை முழுக்க அலைந்து உதிரிப் பாகம் தேடி, உயிர் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். வைக்கும்போதெல்லாம் சார் அதைப் பார்ப்பார், பிறகு இவனைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

“உன் கை இருக்கறவரைக்கும் இதுக்குச் சாவே கிடையாதுடா சந்திரா.”

அந்த வாரம் முழுவதும் சந்திரனுக்குக் கால் தரையில் பாவாது.

ஆகவே யோசித்தான். சாரின் கம்ப்யூட்டரையே அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜரும் தலையாட்டிவிட்டார். அதைச் சும்மா கொடுப்பதா? மானிட்டரைப் பிரித்து, பின்னாலிருக்கும் விளக்கையும் தாள்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கண்ணாடி மாதிரி ஒரு திரை. அதைக் கம்ப்யூட்டர் பெட்டியின், அதாவது கேபினெட்டின், பக்கக் கதவில் ஜன்னலாக மாட்டி, உள்ளே வெள்ளை விளக்கு ஒன்று போட்டால் போதும். திரையில் படமும் ஓடும், படத்துக்குள்ளே ஃபேன் சுற்றுவதும் தெரியும். படத்தில் வெள்ளையாக இருக்கிற இடமெல்லாம் ஊடுருவித் தெரியும், கறுப்பு மறைக்கும்.

“கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஒடைஞ்சுதுன்னா?” என்றாள் ரஞ்சிதம்.

சந்திரன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். “ஒடைஞ்சா, அவரு உசிரா வெச்சிருந்ததை நானே கொன்ன மாதிரி. அப்புறம் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

ரஞ்சிதம் விளக்குமாறு எடுத்துக் குங்குமத்தைக் கூட்டினாள்.

முதல் சோதனை அன்றைக்கே வந்தது. திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. ரஞ்சிதத்தின் புதுத் துண்டை நனைத்து நாலு மணி நேரம் அதன்மேல் போர்த்தி, ஊறவைத்து, நகத்தால் உரித்தான். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பத்துப் போடுகிற தாய்கூட அவ்வளவு பதமாகப் போட்டிருக்க மாட்டாள். திரை பளிங்காகிவிட்டது.

பளிங்கானதுதான் வினை. கேபினெட்டைப் பக்கத்தில் வைத்து அதன் வழியாகப் பார்த்தான். பத்து வருஷத் தூசி, நூலாம்படை, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய வயர்கள், மல்லாந்து கிடந்த ஒரு கரப்பான் பூச்சி எல்லாம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தன.

“இதுக்குப் பனிமூட்டமே தேவலை” என்றாள் ரஞ்சிதம்.

ஞாயிறு முழுவதும் அதைச் சுத்தம் செய்வதில் போயிற்று. திங்கட்கிழமை கேபினெட்டை டெரிக்கிடம் கொண்டுபோனான். டெரிக் அதே கம்பெனியில் தகடு வெட்டும் பிரிவு. சந்திரனின் உயிர்த் தோழன். வெட்டச் சொன்னால் வெட்டிவிட்டுத்தான் எங்கே என்று கேட்பான்.

“இந்தா மேன், ஜன்னல் ரெடி. கையை வெச்சிப் பாரு, ஒரு பிசிறு இருக்காது.”

பிசிறு இல்லைதான். ஆனால் ஜன்னல் இருந்தது வலப்பக்கக் கதவில். அதன் வழியாகப் பார்த்தால் வெறும் இரும்புத் தகட்டின் முதுகுதான் தெரிந்தது.

“டேய், லெஃப்டுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனேடா!”

“என் லெஃப்டா, கேபினெட் லெஃப்டான்னு நீ சொல்லவேயில்லையே குரு. இதுக்கு ஏன் கத்தறே? அந்தக் கதவையும் வெட்டிட்டாப் போச்சு.”

வெட்டினான். இப்போது கேபினெட் இரண்டு பக்கமும் திறந்த சத்திரமாக நின்றது. தேவையில்லாத ஓட்டையை மூட டெரிக் ஒரு அலுமினியத் தகட்டை இழைத்து, பளபளப்பேற்றி, திருகே வெளியில் தெரியாமல் பொருத்தினான். அதைப் பார்த்ததும் சந்திரனின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. தப்பைச் செய்வதிலும் அதைத் திருத்துவதிலும் டெரிக்குக்கு நிகர் டெரிக்தான்.

செவ்வாய்க்கிழமை திரை ஏறியது. சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்த பழைய பிளாஸ்டிக் சட்டத்தைத் துடைக்காமல் அப்படியே சுற்றிலும் பொருத்தினான். புதன்கிழமை சாரின் படத்தைப் போட்டான்.

ரஞ்சிதம் அலறிவிட்டாள்.

“ஐயோ, மனுசன் உசிரோடதானே இருக்காரு?”

சுந்தரேசன் சார் வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. தலையும் தும்பைப் பூ. நெற்றியில் பட்டை விபூதி. வெள்ளையெல்லாம் மறைந்துபோக, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட முகம் ஒன்று மட்டும் அந்தரத்தில் நின்று சிரித்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஃபேன் விர்ரென்று சுற்றியது.

“நான் சரி பண்றேன் மேன்” என்று படத்தை வாங்கிக்கொண்டு போனான், வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வீட்டுக்கு வந்த டெரிக். மறுநாள் காலை கொண்டுவந்தான். சாருக்கு நீலக் கோட்டு, கறுகறுவென்று முடி, கன்னத்தில் ரோஜா நிறம். வார்டு தேர்தலுக்கு நிற்பவர் மாதிரி இருந்தார். கோட்டும் முடியும் திரையை அடைத்துக்கொண்டதில் உள்ளே ஒரு மண்ணும் தெரியவில்லை.

பழைய படத்துக்கே திரும்பினான் சந்திரன். படத்தை மேலே ஏற்றினால் ஃபேன் வயிற்றில் சுற்றியது. அஜீரணம் பிடித்தவர் மாதிரி இருந்தார். இறக்கினால் மூக்கில் சுற்றியது. அதைச் சொல்லவே வேண்டாம். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ரஞ்சிதம்தான் பக்கத்தில் வந்து நின்றாள். “வெள்ளை போனா போகட்டும்யா. ஓரத்துக்கு மட்டும் கறுப்பா ஒரு கோடு இழேன். ஜாக்கெட் தைக்கறப்போ சாக்பீஸ்ல கோடு போட்டாலே ஆள் எந்தச் சைசுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்.”

சந்திரன் இழுத்தான். முடிக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, காலருக்கு, பைக்கு, பையில் செருகிய பேனாவுக்கு. படத்தை இடப்பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினான். சட்டைப் பைக்குப் பின்னால், இதயம் இருக்கிற இடத்தில் சரியாக வந்து நின்றது ஃபேன். வெள்ளை விளக்கில் அது சுற்ற, மேலே சார் சிரித்தார்.

ரஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்யா” என்றாள். கட்டியவள் வாயால் வருகிற பாராட்டு லேசில் கிடைப்பதா?

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் கேபினெட்டை மடியில் வைத்து, புடவை சுற்றிக் கொண்டுபோனான். அல்சூர் தாண்டி ஒரு வேகத்தடை. ஆட்டோக்காரர் அதைப் பார்க்கவேயில்லை. ஆபீஸ் போய் ஸ்விட்சைப் போட்டால், திரையில் மேலிருந்து கீழாக மூன்று கோடுகள். மூன்றும் சாரின் நெற்றி வழியாக இறங்கின.

“விபூதிக்காரருக்கு நாமம் போட்டுட்டியே மேன்!” என்றான் டெரிக்.

“சும்மா இரு. உள்ளே பட்டை வயர் நழுவியிருக்கு.”

பின்பக்கமாக விரலை விட்டு அழுத்தினால் கோடுகள் போயின. எடுத்தால் வந்தன. கழற்றி மாட்ட நேரமில்லை. ஹாலில் நாற்காலி நிறைந்துவிட்டது. சாரும் அவர் மனைவி பாமாவும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நான் அழுத்திக்கறேன், நீ போ” என்றான் டெரிக். அன்று விழா நடந்த முக்கால் மணி நேரமும் ஒரு கையை கேபினெட்டின் பின்னால் விட்டபடி, யாரோ போட்டோவுக்கு நிற்கச் சொன்ன மாதிரி சிரித்துக்கொண்டே நின்றான். இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சால்வை ஆயிற்று. தலைப்பாகை ஆயிற்று. “நம்ம சாருக்கு உசிரா இருந்த மானிட்டரையே சந்திரன் எப்படி ஆக்கிட்டாருன்னு பாருங்க” என்று மேனேஜர் துணியை விலக்கினார்.

யாரோ, “அப்பா! எஷ்டு சென்னாகிதே!” என்று அதன் அழகைக் கன்னடத்தில் மெச்சினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். சாரின் நெஞ்சுக்குள் சுற்றுகிற ஃபேனைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். மூன்று பேர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சுந்தரேசன் சார் மெதுவாக எழுந்து வந்தார். சட்டத்தில் காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டார்.

“இது... அதுவா?”

“அதுவேதான் சார்.”

“ஆத்துக்கு எடுத்துண்டு போகணுமா?”

“உங்களுக்கே உங்களுக்கு சார்!”

சாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரொம்ப நேரம் தன் நெஞ்சில் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சந்திரனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“எவ்வளவு அழகாப் பண்ணியிருக்கே! நீ என்னை விடவே மாட்டியாடா!”

அதற்கும் கைதட்டினார்கள். சந்திரன் விக்கி விக்கி அழுதான். பத்து வருஷக் கடன் அன்றைக்குத் தீர்ந்தது என்று அவன் நெஞ்சு நிறைந்துவிட்டது.

விழா முடிந்ததும் பட்டை வயரைச் சரியாக மாட்டி, கேபினெட்டைத் தானே தூக்கிக்கொண்டு டாக்ஸிக்கு நடந்தான். சாரை ஆர்டர் பிரிவுக்காரர்கள் சூழ்ந்திருந்தார்கள். கூடவே வந்த பாமா மாமி டாக்ஸிக் கதவைத் திறந்துவிட்டு, அவன் பெட்டியைப் பதமாகப் பின் சீட்டில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ ரொம்பக் கெட்டிக்காரன்ப்பா. நன்னா இருக்கணும். உன்னை ஒண்ணு கேக்கணும், அவர்கிட்டச் சொல்லிடாதே.”

“கேளுங்க மாமி.”

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இந்தச் சனியனை மாத்திக் கொடுங்கோன்னு இவர் ஒம்பது வருஷமா எழுதிப் போட்டுண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் புதுசு சாங்ஷன் ஆற சமயத்துல எவனோ ஒருத்தன் இதை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து வச்சுடுவானாம், வேண்டாம்னு சொல்லுங்களேன்னா ‘ஆசையாப் பண்றான், மனசு நோகும்’பார்... யாருப்பா அவன், இன்னிக்கு வந்திருந்தானா?”