ஜாடியில் ஊற்றிய மண்வாசனை

ஐரோப்பாவின் தென்பகுதியில் மே மாதம் தலைகாட்டி அக்டோபரில் மறைந்துபோகும் ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். உடம்பில் கசங்கிய லினன் சட்டை, தலையில் வைக்கோல் தொப்பி, முகத்தில், இந்தக் கூட்டத்தில் தாம் ஒருவர் மட்டும் சுற்றுலாப் பயணி இல்லை என்கிற நிம்மதி. இந்த இனத்துக்கு யாரும் முறையாகப் பெயர் வைக்காததால் நானே வைத்துவிட்டேன்: மண்வாசனைக்காரர்.

அடையாளம் காண்பது சுலபம். ஓட்டலில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் விலைப்பட்டியலைத் திறப்பார்கள், இவர் மூடுவார். மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, பரிமாற வந்தவரின் கண்ணை நேராகப் பார்த்து, "அதெல்லாம் வேண்டாம்ப்பா. நீங்க உங்க வீட்டுல எந்த ஒயின் குடிப்பீங்களோ அதைக் கொண்டாங்க" என்பார். பரிமாற வந்தவர் சென்ற மாதம்தான் வங்காள தேசத்திலிருந்து வந்திருப்பார். அவர் வீட்டில் ஒயினைக் கண்ணால் பார்த்தவர்கூடக் கிடையாது. இருந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு வந்த இடத்தில் வாதம் எதற்கு? உள்ளே போய், மூன்று வருஷமாக யாரும் சீண்டாத ஒரு பாட்டிலைத் தூசி தட்டாமல் எடுத்து வருவார். மண்வாசனைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்புவார். "பாத்தியா, இது பட்டியல்லயே கிடையாது."

சொந்த ஊரில் இவர் எப்படி? பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு ஊற்றிய கையோடு தமக்கும் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்கிறவர்தான். அது எந்த நாட்டில் விளைந்தது என்று அவரும் கேட்டதில்லை, பாட்டிலும் சொன்னதில்லை. விடுமுறைக்கு எல்லையைத் தாண்டியதும்தான் நாக்குக்கு ஞானம் பிறக்கிறது. கடலோரத்தில் கடலோரத்து ஒயின். மேட்டில் ஏறினால் மேட்டு ஒயின். நேற்று விழுந்து விழுந்து பாராட்டிய அதே ஒயினை இன்று ஆறு கிலோமீட்டர் தள்ளி யாராவது நீட்டினால், "இது அந்தப் பக்கத்து ஒயின் ஆச்சே" என்று, சாவு வீட்டில் ஜாதகம் எடுத்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சுற்றுலாப் பயணிகள் வருகிற கடைக்குள் கால் வைக்க மாட்டார். ஆனால் அவர் கால் வைத்த கடையில் எல்லாம் ஒரு சுற்றுலாப் பயணி இருந்துவிடுகிறார். அவருடைய பரம எதிரி லேபிள். லேபிள் ஒட்டியது வியாபாரம், ஒட்டாதது உண்மை. மண்ஜாடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் அது உண்மைக்கும் ஒரு படி மேலே.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இவர்களுக்கென்றே அமைந்தது. இத்தாலியில், திரியெஸ்தே துறைமுகத்துக்கு மேலே, கார்ஸ்ட் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டில், எல்லாரும் எல்லாருக்கும் உறவான கிராமம். இங்கே விளைவது தெரான் என்கிற ஒயின். கறுத்த சிவப்பு, முதல் மடக்கிலேயே நாக்கை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் புளிப்பு. ரத்தம் ஊறும் என்று டாக்டரே சொன்னதாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். எந்த டாக்டர் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். வீட்டுப் பீப்பாயைத் திறந்தால் நாற்சந்தியில் ஒரு பச்சைத் தழைக்கொத்தும், அதன்கீழ் வழிகாட்டும் மர அம்பும் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். தழை தொங்குகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் அந்த வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து ஒயினும் பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். பீப்பாய் காலியானால் தழை இறங்கும். இறக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜோரான் இறக்க மறந்தார்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மகள் நாத்யாவுக்கும் அடுத்த ஊர் ஸ்லாவ்கோவின் மகன் மித்யாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகளுக்கு முதல் விருந்து. விருந்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வீட்டுத் திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்து ஒரே பெயரில் ஒயின் போடுவதா, வேண்டாமா? அப்பாக்கள் இருவரும் அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் சின்னஞ்சிறுசுகள் இரண்டும் மிலானில் வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. சொன்னால் செய்கிற பெண் நாத்யா.

இந்த நிலையில் ஜோரான் செய்து வைத்திருந்த காரியத்தைக் கேளுங்கள். முந்தைய வாரம் முற்றத்தில் கூட்டம் அலைமோத, விற்கிற ஜோரில், வீட்டு விசேஷத்துக்கென்று ஒதுக்கிய சின்னப் பீப்பாயையும் சேர்த்து விற்றுத் தீர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நாக்கை நனைக்க வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அக்கம்பக்கத்தில் கடன் கேட்டால் மாதா கோயில் மணி அடிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டவுனுக்கு வண்டியை விட்டார், சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி ஒயின் வாங்கினார், மனைவி தரிங்கா தலையில் அடித்துக்கொள்ள, அதை மண்ஜாடியில் ஊற்றி மேஜை நடுவில் வைத்தார். இடம் நிரப்புவதற்காக அழைக்கப்பட்ட எனக்கு இவ்வளவையும் தரிங்கா சமையலறையிலேயே சொல்லிவிட்டாள்.

ஸ்லாவ்கோ வந்தார். பெரிய மீசை, சின்னப் பேச்சு. கையில் இருந்த துணிப்பையை மேஜை ஓரத்தில் வைத்தார். ஜாடியிலிருந்து ஊற்றியதை ஒரு மடக்கு குடித்தார். துணிப்பையை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இது எந்தப் பக்கத்துச் சரிவு சம்பந்தி?"

"கீழ்ப்பக்கம்" என்றார் ஜோரான். பொய் என்று சொல்லிவிட முடியாது. சூப்பர் மார்க்கெட் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. வைக்கோல் தொப்பி, கசங்கிய சட்டை. ஜெர்மனியில், ஹானோவரில் பல் வைத்தியம் செய்கிற ஹார்ட்முட். அவருக்குப் பின்னால், வெயிலில் சிவந்துபோய், குளிர்ந்த பீர் ஒன்றைத் தவிர உலகத்தில் எதையும் வேண்டாத அவர் மனைவி இர்மா. நாற்சந்தியில் தழையைப் பார்த்ததாகவும், அம்பைத் தொடர்ந்து வந்ததாகவும், குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிற இப்படி ஓர் இடத்தைத்தான் மூன்று கோடைகாலமாகத் தேடுவதாகவும் ஹார்ட்முட் சொன்னார். பீப்பாய் காலி என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஜோரானுக்கு வாய் வரவில்லை. சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே! தரிங்கா இரண்டு நாற்காலி போட்டாள்.

ஹார்ட்முட் கண்ணாடி டம்ளரைச் சுழற்றினார். அது சுழற்றுவதற்கு ஏற்ற டம்ளர் இல்லை. சட்டையில் கொஞ்சம் போயிற்று. முகர்ந்தார். வாயில் வைத்து, தம்மிடம் வரும் நோயாளிகளைச் செய்யச் சொல்வதுபோல் கொப்பளித்து விழுங்கினார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம்.

"கல்லு" என்றார். "இரும்பு. மழை பெஞ்ச மறுநாள் செம்மண்ணு. ஐயா, இதைக் கடைல வாங்கவே முடியாது."

"முடியாதுங்க" என்றார் ஜோரான் ஈனசுரத்தில்.

அதற்கப்புறம் ஹார்ட்முட்டை நிறுத்த ஆளில்லை. இந்தத் தோட்டத்தில் கடற்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தோட்டக்காரருக்கே சொல்லிக்கொடுத்தார். எந்திரம் வாங்கக் கூடாது, பாட்டில் போடக் கூடாது, காலத்துக்கும் இப்படியே ஏழையாக, உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜோரானின் நெற்றியில் வியர்வை. ஆனால் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சமும் வந்தது. படித்த வெளியூர்க்காரரே சான்றிதழ் கொடுத்தாயிற்று. இனிமேல் சம்பந்தி என்ன கேட்டுவிட முடியும்?

சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, திறந்து, ஹார்ட்முட் முன்னால் வைத்தார். "இதையும் கொஞ்சம் பாருங்க." அவர் தோட்டத்துத் தெரான். பாட்டிலில் புத்தம்புது லேபிள். நாத்யா வரைந்த திராட்சைக் குலைக்குக் கீழே இரண்டு குடும்பத்துப் பெயர்கள், பக்கம் பக்கமாக. ஜோரான் அப்போதுதான் அதைப் பார்த்தார். மனுஷன் முடிவைக் கையோடு அச்சடித்துக் கொண்டுவந்து, முதல் மடக்குக்குப் பிறகு நாற்காலிக்கு அடியில் தள்ளியிருக்கிறார்.

ஹார்ட்முட்டும் லேபிளைத்தான் பார்த்தார். அதோடு தீர்ப்பு எழுதி முடிந்தது. குடித்ததெல்லாம் ஒரு மரியாதைக்கு.

"இது எங்களை மாதிரி ஆளுங்க தலைல கட்டறதுக்குன்னே பண்றது. வெறும் புளிப்பு. இதைப் பண்ணினவன் மண்ணையே மிதிச்சிருக்க மாட்டான்" என்று பாட்டிலை விரலால் தள்ளினார்.

ஸ்லாவ்கோ மேஜைமேல் இருந்த தம் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்தும் போகாத செம்மண். இர்மா மட்டும் அந்தப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து, சத்தமில்லாமல் இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜோரான் அப்போது சும்மா சிரித்திருந்தால் போதும். ஜாடியின் மானம் பிழைத்திருக்கும், அவர் மானமும் பிழைத்திருக்கும். நாத்யா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார், சமையலறைக்குள் போனார், அட்டைப்பெட்டியோடு வந்து அதை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஜாடில இருந்தது இதுதான். காலைல டவுன்ல வாங்கினேன். வீட்டுக்குன்னு வெச்சிருந்ததையும் போன வாரம் வித்துத் தொலைச்சிட்டேன். ஆனா என் வீட்டுல உக்காந்து உங்க தெரானை ஒருத்தர் மட்டம் தட்டினா, என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது சம்பந்தி."

"முதல் மடக்குலயே தெரியும்" என்றார் ஸ்லாவ்கோ.

"தெரிஞ்சுமா உக்காந்திருந்தீங்க?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ஜாடி காலியாகற வரைக்கும் சொல்லலன்னா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பேன்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம், உங்க தெரான், உங்க தெரான்னு சொல்லாதீங்க. லேபிளைப் படிங்க."

தரிங்கா அடுப்பைப் பார்க்கிறமாதிரி உள்ளே போய்விட்டாள். மித்யா எல்லார் டம்ளரிலும் புதுப் பாட்டிலிலிருந்து ஊற்றினான்.

இப்போது நாங்கள் அத்தனை பேரும் ஹார்ட்முட்டைப் பார்த்தோம். தொப்பியை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வெளியேறியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"இர்மா, இதைப் பாரு. ஊர்க்காரங்க கல்யாண விருந்துல நிஜமா குடிக்கிறது இதுதான். எந்தப் புத்தகத்துலயும் இதைப் போடல." அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்கு வழி கேட்டுக்கொண்டார். காலிப் பெட்டியைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கி, மடிப்புக் கலையாமல் தட்டையாக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கார் கிளம்புமுன் இர்மா ஏதோ மறந்ததுபோல் திரும்பி வந்து, ஸ்லாவ்கோவிடம் இன்னொரு பாட்டில் தெரானை விலைக்கு வாங்கி, லேபிள் தெரியாமல் சால்வையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜோரான் அவர்கள் பின்னாலேயே நடந்துபோய் நாற்சந்தித் தழையை அவிழ்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தி, பித்தளை டபராவில் வந்த காப்பியை உறிஞ்சி, "என்ன இருந்தாலும் இந்த ஊர்த் தண்ணிக்குத்தான் இந்த ருசி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னவர் நீங்கள் இல்லைதானே? கடையின் பின்பக்கம் அப்போது கேன் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சரி, அது வேறு யாரோ. போகட்டும். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். மேலே தெரானைப் பற்றி நான் நாலு வரி எழுதினேனே, கறுத்த சிவப்பு, புளிப்பு என்று, அப்போது உங்கள் நாக்கின் இரண்டு பக்கமும் லேசாகச் சுரந்ததா? நீங்கள் பார்த்ததெல்லாம் காகிதமும் மையும்தான். சுரந்திருந்தால் தாராளமாக வாருங்கள். தரிங்காவிடம் அந்த ஜாடி இன்னும் பத்திரமாக இருக்கிறது.