வெறுவயிறு அண்ணன்

ஜவ்வாது மலையில் பிறந்தவர்களிலேயே, ரத்தம் கொடுப்பதற்காக நான்கு முறை மலையிறங்கி வந்து, நான்கு முறையும் ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் திரும்பிப் போன ஒரே மனிதர் எங்கள் வெறுவயிறு அண்ணன்தான். கொடுக்க அவருக்கு மனமில்லாமல் இல்லை. எடுக்க எனக்குத்தான் சட்டம் இடம் தரவில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லத் தைரியம் வருமோ, வராதோ.

எண்பதுகளின் தொடக்கம். ஒடுகத்தூரில் ஒரு டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். லேப் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், நாலு ஸ்டாண்டு கண்ணாடிக் குழாய்கள். கதவில் நானே சிவப்பு மையில் எழுதி ஒட்டிய அட்டை: 'வெறும் வயிற்றுடன் வரவும். காலை பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்கப்படமாட்டாது.' படித்து முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கால் தரையில் பாவாத காலம். சம்பளம் கொடுக்கிற டாக்டரே அந்த அட்டையைத் தாண்டிப் பேச யோசிப்பார்.

அண்ணனுக்குத் தொழில் புளி உலுக்குவது. மலையில் புளி பழுத்துவிட்டால், மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்வாங்குகிற பெரிய மரங்களின் உச்சாணிக் கிளைக்கு ஏறி உலுக்கித் தள்ளுவது அவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியும் வேறு யாரையும் அந்த மரங்களில் ஏறவிட்டதில்லை. அந்தத் தை மாதம், மேடு ஏறினால் நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று வந்தார். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"ரத்தத்துல கொழுப்பு எவ்ளோன்னு பார்க்கணும். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் மரம் ஏறலாமா கூடாதான்னு சொல்வேன்" என்றார் டாக்டர்.

"சரி சாமி. ஆனா புளி பழுக்கறதுக்குள்ள சொல்லிடு" என்றார் அண்ணன்.

அவர் யாருக்கும் 'நீங்க' போட்டு நான் கேட்டதில்லை. டாக்டர் அவருக்குச் சாமி, நான் சார். ஆனால் இருவருமே 'நீ'தான்.

அடுத்த வாரம் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றார்.

"சாப்டீங்களா?" என்றேன்.

"துன்னல சார். குடிச்சேன்."

"இன்னா குடிச்சீங்க?"

"கேவுரு கூழு, ரெண்டு வூட்ல. மூணாவது வூட்ல மோரு. நாலாவது வூட்ல மறுபடி கூழு. மத்த வூட்டுக்காரங்க கண்ணுல நான் படல."

அவர் இறங்கி வருகிற வழியில் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுப் புளியமரமும் அவர் கை பட்ட மரம்தான். அவர் தலை தெரிந்தால் போதும், "ஒரு வாய் குடிச்சிட்டுப் போ" என்று சொம்போடு வந்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு மனஸ்தாபம் என்று அர்த்தம். ஒரு வீட்டில் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தாலோ இன்னும் மோசம். எனக்கு எதிரே நின்றது நான்கு வீட்டு நல்லெண்ணம். எனக்குத் தெரிந்தது நான்கு சொம்பு கூழும் மோரும்தான்.

"கூழும் சாப்பாடுதாங்க. பன்னண்டு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும். போய்ட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் கூழைத் தொடவில்லை. அதற்குப் பதில் தேன்.

"மருந்து சார் அது. நெஞ்சுக்கு நல்லதுன்னு குடுத்தாங்க. தொட்டுக்க மரவள்ளிக் கெழங்கு."

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'வெறுவயிறு அண்ணன்' என்ற பெயரை அன்றைக்கு வைத்தவர் அவர்தான். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னிடம் ஒரு நியாயம் கேட்டார்.

"ஏன் சார், நான் தெனமும் துன்னுற ஆளு. பட்டினி போட்டு ரத்தம் எடுத்தா அது வேற எவனோட ரத்தமோ மாதிரி இல்ல இருக்கும்? துன்ன ரத்தத்தப் பாரு. அதான் நானு."

இந்த வாதத்தை நான் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். டீக்கடையில் நடித்தே காட்டினேன்.

மூன்றாவது முறைக்கு நானே ஒரு வழி சொன்னேன். முந்தின நாளே இறங்கி வந்து ஒடுகத்தூர் புளி மண்டியில் தங்கிவிடுங்கள், வழியில் வீடே வராது என்றேன். தங்கினார். காலையில் மண்டிக்காரர் பாயும் கூடவே வந்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு திருப்தி.

"நாஷ்டா முடிஞ்சிது சார்" என்றார் அண்ணன். "ரொட்டியும் கைமாவும்."

"பாய், நீங்களாவது தடுக்கக்கூடாதா?"

"இன்னா தம்பி பேசற? நம்ம வூட்டுக்கு வந்த மனுசன வெறும் வயித்தோட அனுப்பிச்சா அல்லா கேக்க மாட்டானா?"

உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "எடுத்துத்தான் பாரேன்பா, என்னதான் வருதுன்னு."

"தப்பா வந்தா என் பேருதான் சார் கெடும்" என்றேன் நான். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். என் பெயர் அன்றைக்குக் கெட்டிருக்கலாம். கெட்டிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

நான்காவது முறை மாசி பிறந்தபிறகு வந்தார். பகல் பன்னிரண்டரை மணி. நான் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் முள் கிழித்த கீறல், கண் உள்ளே போயிருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஆனால் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் போல நின்றார்.

"வூடே இல்லாத வழியா காட்டுக்குள்ள பூந்து வந்தேன் சார். விடியறதுக்கு முன்னாடி கெளம்பினது. பச்சத் தண்ணி பல்லுல படல. எடு."

நான் கதவில் இருந்த அட்டையைக் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாசித்துக் காட்டினேன். பத்து மணிக்குமேல் எடுப்பதில்லை, சோதனைக்கு வேண்டிய மருந்தைக் காலையில் ஒரு தடவைதான் கலப்பேன், நாளைக்கு வாருங்கள் என்றேன். இன்னொரு தடவை கலந்திருக்க முடியும். கால் மணி நேர வேலை. குழாய்களைக் கழுவியாகிவிட்டது என்பதுதான் உண்மையான காரணம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படியில் உட்கார்ந்து மடியை அவிழ்த்தார். ரத்தம் கொடுத்தபிறகு தின்பதற்கென்று கட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு கேழ்வரகு அடை. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ துன்னியா சார்?"

காலை ஆறு மணிக்கு வந்தவன் நான். இல்லை என்றேன்.

"அதான் மூஞ்சி இப்பிடிக் கீது" என்று சொல்லி, அடையை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார்.

வாங்கித் தின்றேன். ருசியாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"புளி பழுத்துடுச்சி சார். இனிமே வர்றதுக்குப் பொழுது இருக்காது. முடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

பங்குனியில் மண்டி பாய் மட்டும் வந்தார். வழக்கமாக வாசலிலேயே சிரிக்கிறவர், அன்றைக்கு நேரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கடைசி வூட்டு மரத்த முடிச்சிட்டு எறங்கினாராம் தம்பி. நெஞ்ச புடிச்சினு ஒக்காந்தாராம். மோரு கேட்டாராம். அவங்க உள்ள போய் எடுத்துனு வர்றதுக்குள்ள..."

அந்த ஒரு வீட்டில்தான் அண்ணன் கேட்டும் எதுவும் குடிக்காமல் போனார்.

போன மாதம் எனக்கே நெஞ்சுக்குச் சோதனை. வேலூரில் ஒரு லேப், ரத்தம் எடுக்க ஒரு சின்னப் பெண். வீட்டில் மறந்துபோய் நாலு இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன். "நாளைக்கு வர்றேம்மா" என்று நானே எழுந்தேன்.

"பரவால்ல அங்கிள், உக்காருங்க. கொலஸ்ட்ராலுக்கு இப்பல்லாம் வெறும் வயிறு கட்டாயம் இல்ல" என்றாள் அந்தப் பெண். "தினமும் எப்படி இருக்கீங்களோ அப்படியே பார்த்தாலே, நெஞ்சுக்கு ஆபத்து இருக்கா இல்லையான்னு கணக்குப் பண்ணிடலாம். கொழுப்பு ரொம்ப ஏறியிருந்தா மட்டும்தான் மறுபடி வெறும் வயித்துல எடுக்கச் சொல்வோம்."

துன்ன ரத்தத்தப் பாரு. அதான் நானு.

அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் பெரிய மருந்து ஏது என்று பழைய நண்பர்கள் தேற்றுகிறார்கள். இருக்கலாம். ஆனால் மரம் ஏறாதே என்று சொல்ல மருந்து எதற்கு? டாக்டர் கையில் ஒரு தாள் இருந்தால் போதும். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைக்காக நான்கு முறை மலையிறங்கி வந்தவர். ஏறாதே என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஏறியிருக்கமாட்டார்.

அந்தப் பெண் என் கையில் ரப்பரைக் கட்டி, ஊசியை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினோரு வூட்லயும் வயிறு நெறையக் குடிச்சிட்டு, நிதானமா எறங்கி வா அண்ணே. எத்தன மணி ஆனாலும் கதவத் தெறந்து வைக்கறேன்.